பெட்டிக்குக் காய்ச்சல்

தெருவில் எல்லோருக்கும் அவள் வீடியோக்காரிதான். கல்யாண வீடுகளில் மற்றவர்கள் எடுத்து வரும் மணிக்கணக்கான காட்சிகளை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து ஒரு மணி நேரப் படமாக்கிக் கொடுப்பாள். கூடத்து மூலையில் ஒரு மேசை, அதன்மேல் திரை, பக்கத்தில் கறுப்பாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அதுதான் அவளுடைய ஸ்டுடியோ.

அந்த வாரம் பெட்டி அவள் உயிரை வாங்கியது. காலை ஒன்பது மணிக்குப் படத்தை முழுசாகக் கோத்து எடுக்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். இரண்டு மணி நேரம் அது தன்பாட்டுக்கு ஓட வேண்டும். பாதியில் எட்டிப் பார்த்தால் திரை இருண்டு கிடக்கும். பெட்டியைத் தொட்டால் கை சுடும். செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் இதே கூத்து.

கல்யாணப் பெண் போனில் அழாத குறை. "அக்கா, கல்யாணம் முடிஞ்சு மாசம் ஒண்ணாச்சு. என் மாமியார் ஆடின டான்ஸை வெட்டிட்டீங்களோன்னு அவங்க தினமும் கேக்கறாங்க!"

"வெட்டலைம்மா. பெட்டிக்குத்தான் காய்ச்சல். நாளைக்குக் கட்டாயம்."

அவள் புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வியாழக்கிழமை சாயங்காலம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான். "சூட்டை விரட்டுறதுதானே என் பொழைப்பு. தள்ளு."

பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். உள்ளே தூசி, கம்பளி விரித்த மாதிரி. பிரஷ்ஷால் தள்ளி, ப்ளோயரால் ஊதினான். இருவரும் மாறி மாறித் தும்மினார்கள். சிப்பின் சூட்டை வாங்கும் உலோகத் தகட்டைக் கழற்றியபோது அடியில் பூசியிருந்த பேஸ்ட் பொருக்குத்தட்டிப் போயிருந்தது. அதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்துத் தகட்டை அழுத்தினான். அப்புறம் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். திரை ஓரத்தில் காட்டிய சூடு எழுபது டிகிரியைத் தாண்டவேயில்லை.

"டாக்டருக்கு ஒரு டீ போடு" என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி திரை இருண்டு கிடந்தது. டாக்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை அவள் பெட்டியை விட்டு நகரவில்லை. ஒரு மணி நேரம் ஓடியது. எழுபது டிகிரிதான். மாமனார் மட்டும் துண்டுச் சுருள் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று தடவை கூடத்தைக் கடந்தார்.

"இன்னைக்குச் சமையல் இல்லையாம்மா?"

"பசிக்குதா மாமா?"

"பசின்னு இல்ல... சும்மா கேட்டேன்."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. உலை வைத்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் பெட்டி அணைந்திருந்தது.

புருஷனுக்குப் போன் போட்டாள். "நான் பக்கத்துல இருந்தா நல்லா ஓடுது. எழுந்து போனா நின்னுடுது."

"உன் மேல அவ்வளவு பாசம் போல" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. ஏதோ ஒன்று பிடிபட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை ஓடவிட்டு, "நான் சமைக்கப் போறேன்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். போய்ப் படுக்கையறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாமனார் பூனை மாதிரி வந்தார். இடமும் வலமும் பார்த்துவிட்டு மேசைக்குப் பின்னால் குனிந்தார். எண்பது, எண்பத்தைந்து என்று திரையில் எண் ஏறத் தொடங்கியது.

"மாமா!"

நிமிர்ந்த வேகத்தில் மேசையில் தலையை இடித்துக்கொண்டார். பெட்டியின் பின்பக்கம் அனல் வெளியேறும் வலையை அடைத்தபடி, இரண்டு கிளிப் போட்டு, ஒரு நீல டவுசர் காய்ந்துகொண்டிருந்தது. அதில் மஞ்சள் மஞ்சளாக மீன்கள்.

அவள் அதைப் பிடுங்கி எடுத்தாள். எண் இறங்கியது. "என்ன மாமா இது?"

"டவுசர்மா."

"அது தெரியுது. இங்க என்ன பண்ணுது?"

"ஒரு வாரமா வெயிலையே காணோம். எதுவும் காயல. இதுல நல்லாச் சூடா காத்து வருது, வீணாத்தானே போகுதுன்னு... பெட்டி நின்ன சத்தம் கேட்டதும் ஓடி வந்து எடுத்துடுவேன். அதனாலதான் நிக்குதுன்னு சத்தியமா தெரியாதும்மா." தலையைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "நீச்சல் கத்துக்கறேன்."

எழுபத்தொரு வயசு. காலை நடை என்று அவர் கிளம்பியதெல்லாம் நீச்சல் குளத்துக்குத்தான். முழங்கால் வலிக்கு நிஜ டாக்டர் சொன்ன யோசனை.

"உங்க பிள்ளைகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நான் குளிக்கப் போனாலே அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டுறவன்மா அவன்! நாளைக்குக் குளத்தோட அகலத்தை ஒத்தையா கடக்கணும்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."

ஐந்து நாள் உழைப்பு வீணானதற்குக் கோபப்பட வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். மீன்களைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டவுசரை மின்விசிறிக்கு அடியில் போட்டாள். பதினோரு மணிக்குக் கல்யாணப் பெண்ணின் மாமியார் டான்ஸோடு படம் முழுசாக வெளியே வந்தது.

மறுநாள் அவளும் கேமராவோடு குளத்துக்குப் போனாள். மாமனார் தண்ணீரில் இறங்கி, கையைக் காலை அடித்து, பாதி தூரத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்துத் திணறினார். மாஸ்டர் குனிந்து கை நீட்டினார். மாமனார் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "அவ்வளவுதான் மாமா, இன்னும் நாலு வீச்சு!" என்று இவள் கரையில் கத்தினாள். ஆறு வீச்சு ஆனது. எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் புருஷன் வந்ததும், அவனை நாற்காலியில் உட்காரவைத்துப் படத்தை ஓட்டினாள். திரையில் அப்பாவைக் கண்டதும் அவனுக்கு முகம் வெளுத்தது. பாதி தூரத்துத் திணறலில் எழுந்தே நின்றுவிட்டான். அவர் சுவரைத் தொட்ட பிறகுதான் உட்கார்ந்தான்.

கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் செருமினார்.

அவன் திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடு" என்றான்.