காலில் குறையில்லை

மூன்று வாரமாக நந்தினி தன் வலது காலைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

ஒடுகத்தூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி வாசலில் இறக்கிவிடுவது அவள் வேலை. வண்டி பதினெட்டு வருஷத்துப் பழசு. உயரமான, கனமான டீசல் வண்டி. இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. பிரேக் பெடல் மட்டும் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது.

ஊர் மெக்கானிக் இரண்டு தடவை பிரேக் பேட் மாற்றிக் கொடுத்தார். அப்படியும் சரியாகவில்லை. கணவன் ஜெயப்பிரகாஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தை வரைக்கும் ஓட்டிப் பார்த்தான்.

"எனக்கு நல்லாத்தான் புடிக்குது. உனக்குக் கால்ல வலு கம்மி. அமுக்கி மிதி, சரியாப் போயிடும்" என்றான்.

அவன் தோல் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஈரத்தோல் தூக்குகிறவன். அவன் மிதித்தால் எதுவும் அமுங்கும். நந்தினியும் அமுக்கி மிதித்தாள். சாயங்காலமானால் முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. தைலம் தேய்த்துக்கொண்டாள். தனக்கு இந்த வேலை ஒத்துவராதோ என்ற எண்ணம் வந்தபோது, அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை, மாதனூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் இறக்கத்தில், வயலுக்குள்ளிருந்து ஒரு டிராக்டர் சட்டென்று ரோட்டில் ஏறியது. பின்னால் டிரெய்லர் நிறைய வேர்க்கடலை மூட்டைகள். நந்தினி பிரேக்கை மிதித்தாள். பெடல் கல் மாதிரி நின்றது. இரண்டு காலையும் வைத்து மிதித்தாள். வேகம் கொஞ்சம் குறைந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ரோட்டோர மண்ணில் இறக்கினாள். டிரெய்லருக்கு ஒரு முழம் பின்னால் வண்டி நின்றது.

யாருக்கும் அடியில்லை. ஐந்து மாதக் கர்ப்பிணியான பாரதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கினாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நான் இனிமே பஸ்ல போய்க்கிறேன்."

"சரி பாரதி" என்றாள் நந்தினி.

மூத்தவளான சுந்தரி மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு மாதனூர் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். போகும்போது திரும்பி, "நீ மொதல்ல வண்டிய எங்கனா காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஹைவே சர்வீஸ் ரோட்டில் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு ஒர்க் ஷாப் இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போவாள், உள்ளே போனதில்லை. முதல் கியரிலேயே, ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தபடி, நடக்கிற வேகத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஒர்க் ஷாப்காரர் ஜியாவுல்லா டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"இன்னாம்மா பிரச்சனை?"

"பிரேக் புடிக்கல பாய். எனக்குத்தான் கால்ல வலு இல்லன்னு வீட்ல சொல்றாங்க."

அவர் டீயை வைத்துவிட்டு வந்து ஏறி உட்கார்ந்தார். ஒரு தடவை மிதித்தார். முகம் மாறியது. இன்னொரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

"எனக்கே அமுங்கல. இத்தோடவா தினம் ஆம்பூர் போனீங்க? கால்ல ஒண்ணும் இல்லம்மா. வண்டியிலதான் கோளாறு."

நந்தினிக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காத மாதிரி பானட்டைத் திறக்கப் போனார்.

இன்ஜினை நிறுத்தி ஐந்தாறு தடவை பெடலை மிதிக்கச் சொன்னார். பிறகு காலை எடுக்காமலே ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். "நல்ல வண்டின்னா, ஸ்டார்ட் ஆனதும் பெடல் தானா கொஞ்சம் கீழ எறங்கும். எறங்குதா?"

"இல்ல."

"பூஸ்டர் வேலை செய்யல. நீங்க மிதிக்கிற மிதிய அதுதான் பல மடங்கா ஆக்கித் தரும். இன்ஜின் அதுலேர்ந்து காத்த உறிஞ்சும், அதுலதான் வேலை செய்யும். உறிஞ்சறது எங்கியோ நின்னுபோச்சு."

உருண்டையான, தாம்பாளம் போன்ற அந்த பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் முனையில் ஒரு வெடிப்பு இருந்தது. "கண்டுபுடிச்சிட்டேன்" என்று அவர் அதை மாற்றினார். நந்தினி மறுபடி மிதித்தாள். இப்போது பெடல் ஒரு விரலளவு இறங்கியது. அடுத்த மிதியில் பழையபடி கல்லானது.

"இல்லம்மா, நான் அவசரப்பட்டுட்டேன். ஹோஸ் ஒண்ணு மட்டும் இல்ல." புது ஹோஸைப் பிடுங்கி அதன் வாயில் கட்டைவிரலை வைத்தார். விரலைக் கவ்விக்கொண்டது. "இதுவரைக்கும் உறிஞ்சுது. அப்போ உள்ளதான் போயிருக்கு. மெதுவா மிதிங்க, காத வச்சிக் கேக்கறேன்."

அவர் காது வைக்கத் தேவையே இருக்கவில்லை. பெடலுக்குப் பின்னாலிருந்து உஸ்ஸென்று வந்த சத்தம் நந்தினிக்கே கேட்டது.

"பிரேக் ஆயில் கொறைஞ்சுதா?"

"ரெண்டு தடவ ஊத்தினேன். பேட் தேஞ்சா கொறையும்னு சொன்னாங்க."

"கொஞ்சம் கொறையும். இவ்ளோ ஜாஸ்தி கொறையாது." பூஸ்டருக்கு முன்னால் இருந்த, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினார். அதன் பின்பக்கம் நனைந்திருந்தது. "பாத்தீங்களா? ஆயில் இதுலேர்ந்து கசிஞ்சி பூஸ்டருக்குள்ள போயி, உள்ள இருக்கற ரப்பர ஊற வச்சிக் கிழிச்சிருக்கு. ரெண்டையும் மாத்தணும். பூஸ்டர் மட்டும் மாத்தினா புதுசும் இதே கதியாயிடும்."

பழைய பூஸ்டர் ஒன்று பக்கத்திலேயே கிடைக்கும், மத்தியானத்துக்குள் மாட்டிவிடலாம் என்றார். "ஆனா உள்ள எப்படி இருக்குதுன்னு நான் உத்தரவாதம் தர முடியாது."

"எட்டுப் பேர் உக்கார்றாங்க பாய். புதுசே வரட்டும்."

அவர் வேலூர் கடைக்கு போன் போட்டார். ஆம்பூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவதாகச் சொன்னார்கள். காத்திருக்கும் நேரத்தில் நந்தினி ஒவ்வொருத்திக்கும் மெசேஜ் அனுப்பினாள். சாயங்காலம் வண்டி வராது, பஸ்ஸில் வந்துவிடுங்கள், என்ன கோளாறு என்று தெரிந்துவிட்டது, சரி செய்துகொண்டிருக்கிறோம். பாரதிக்கும் அனுப்பினாள். அவளிடமிருந்து பதில் வரவில்லை.

பழையதைக் கழற்றுவதுதான் பெரிய பாடாக இருந்தது. பெடலுக்கு மேலே, டாஷ்போர்டுக்கு அடியில் நான்கு நட்டு. மூன்று வந்துவிட்டது. நான்காவது ஒரு இரும்புப் பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஜியாவுல்லாவின் கை நுழையவில்லை. வெயிலில் வியர்வை வழிய அரை மணி நேரம் முயன்றார்.

"தள்ளுங்க பாய், நான் பாக்கறேன்."

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நந்தினி தலையைப் பெடலுக்கு அடியில் விட்டு மல்லாக்கப் படுத்தாள். கை மணிக்கட்டு வரை நுழைந்தது. ஸ்பானர் நட்டில் உட்கார்ந்ததும் இழுத்தாள். முதலில் அசையவில்லை. அப்புறம் 'டக்' என்று விட்டுக்கொடுத்தது.

"வந்துருச்சு!"

"வந்துருச்சா? நெசமாவா?" என்றார் ஜியாவுல்லா, அவளைவிடச் சந்தோஷமாக.

மத்தியானம் பார்சல் வந்தது. புது பூஸ்டரும் புது மாஸ்டர் சிலிண்டரும் உட்கார்ந்தன. கடைசியாக, பிரேக் குழாய்க்குள் சிக்கிய காற்று வெளியேற, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தார்கள். அவர் கீழே படுத்துக்கொண்டு, "மிதி... புடி... விடு" என்று குரல் கொடுக்க, அவள் மேலே உட்கார்ந்து மிதித்தாள். எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. முழங்கால் வலிக்கவில்லை.

ஷிப்டு முடிந்து நாலரை மணிக்கு ஜெயப்பிரகாஷ் வந்தான். காலையில் நடந்ததை போனில் கேட்டிருந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. ஜியாவுல்லா பழைய பூஸ்டரைத் தூக்கி அவன் முன்னால் சாய்த்தார். பிரேக் ஆயில் குபுக்கென்று மண்ணில் கொட்டியது.

"இது செத்துக்கினே வந்துருக்கு. மூணு வாரமா உங்க வீட்டம்மா வெறும் கால் பலத்துல வண்டிய நிறுத்தியிருக்காங்க."

ஜெயப்பிரகாஷ் ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ அன்னிக்கே சொன்ன. நான் காது குடுத்துக் கேக்கல. தப்பு என்னுதுதான் நந்தினி."

"ஆமா, உன்னுதுதான்" என்றாள் அவள். சொன்னதும் மனசு லேசானது. "ஏறு, ஓட்டிப் பாக்கலாம்."

சர்வீஸ் ரோட்டில் முப்பது வேகம் வந்ததும் பிரேக்கை மிதித்தாள், மூன்று வாரமாக மிதித்துப் பழகிய அதே பலத்தோடு. வண்டி குலுங்கி நின்றது. ஜெயப்பிரகாஷ் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டான்.

"அடியே, மெல்ல!"

நந்தினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுபடி கிளம்பினாள். இந்தத் தடவை கால் கட்டைவிரல் பக்கம் மட்டும் வைத்து அழுத்தினாள். வண்டி பணிவாக வேகம் குறைந்து, அவள் நினைத்த இடத்தில் நின்றது. பத்துத் தடவையாவது நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அவன் கடைசி வரை கூடவே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை ஏழு பேர்தான் ஏறினார்கள். பாரதி பஸ்ஸில் போனாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். நந்தினி அவளை ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"அக்கா, சுந்தரியக்கா எல்லாம் சொன்னாங்க. திங்கக்கெழம எனக்கு எடம் இருக்குமா?"

"முன் சீட்டு உனக்குத்தான். நிதானமா கெளம்பி வா, நான் நின்னு கூட்டினு போறேன்" என்றாள் நந்தினி.