சொல்லிக்கொடுக்காத கரை

எங்கள் ஏரிக்குக் கரைக்கொரு பள்ளிக்கூடம். கிழக்குக் கரைப் பள்ளியில் என் தங்கை ஏரியைப் பற்றிப் பாடம் நடத்தினாள். மேற்குக் கரையில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். என் வகுப்பில் மட்டும் ஏரியைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி அப்படி. சொல்லிக்கொடுத்த பிள்ளைகளும் சொல்லிக்கொடுக்காத பிள்ளைகளும் கடைசியில் ஒரே கேள்வித்தாளுக்குப் பதில் எழுத வேண்டும். வித்தியாசம் தெரிந்தால்தான் சுற்றுச்சூழல் கல்வியால் பயன் உண்டு என்று நிரூபிக்க முடியும்.

"முடிஞ்சதும் உன் பிள்ளைங்களுக்கும் நடத்துறேன்க்கா. அதுவரைக்கும் நீ வாயத் திறந்துடாத. இதுதான் கடைசி அவகாசம்னு பல்கலைக்கழகத்துல சொல்லிட்டாங்க."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் கணவரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். ஆனாலும் தங்கையாயிற்றே.

அவள் பாடம் நன்றாகவே எடுபட்டது. கிழக்குக் கரையில் மண் கொட்டி ஏரியை மூட லாரிகள் வந்தபோது அந்தப் பிள்ளைகள் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு மறித்து நின்றார்கள். பெற்றோரும் வந்து சேர்ந்தார்கள். தங்கை எனக்குப் போன் பண்ணிச் சந்தோஷத்தில் அழுதாள். லாரிக்காரர்கள் வம்பு எதற்கு என்று சுற்றிக்கொண்டு எங்கள் கரைக்கு வந்துவிட்டார்கள்.

வகுப்பு ஜன்னலுக்கு நேரே மண் விழுந்தது. அக்கரைப் பிள்ளைகள் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்கள். எங்கள் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினார்கள்.

"டீச்சர், ஏரிய எதுக்கு மூடுறாங்க?" என்று சிட்டு கேட்டாள். ஓரிடத்தில் உட்காராததால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. பதில் என் தொண்டைவரை வந்தது.

"கணக்கப் போடு" என்றேன்.

மறுநாளும் கேட்டாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

அவள் கேட்பதை விட்ட அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "ஒரே ஒரு நாள் பாடம் நடத்துடி. இவங்களும் போய் நிக்கட்டும்."

"நடத்திட்டா அப்புறம் யாரோட ஒப்பிடுறது? நெறியாளர்கிட்ட கேட்டுட்டேன். இந்தக் குழுவத் தொடவே கூடாதுன்னுட்டாரு."

"ஏரி போயிடும்டி."

"தெரியும்" என்றாள். அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

கேள்வித்தாள் கொடுத்த நாளில் ஏரி இருந்த இடத்தில் செம்மண் மேடுதான் இருந்தது. உங்கள் அருகில் உள்ள நீர்நிலைக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வீர்கள் என்பது கடைசிக் கேள்வி. சிட்டு 'கணக்குப் போடுவேன்' என்று எழுதியிருந்தாள். குறும்பில்லை. அவளுக்குத் தெரிந்ததை எழுதியிருந்தாள்.

இரண்டு பள்ளிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இவ்வளவு தெளிவான முடிவைப் பார்த்ததே இல்லை என்று நெறியாளர் பூரித்துப்போனாராம்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தங்கை வந்தாள். பூச்சி வலை, கண்ணாடி ஜாடிகள், பைனாகுலர் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகளை வரிசையாக மண்மேட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"இங்க ஒரு ஏரி இருந்துச்சு..."

"தெரியும் மிஸ். நாங்க பாத்துட்டுதானே இருந்தோம்" என்றாள் சிட்டு.

தங்கை வலையைக் கீழே வைத்தாள். சிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எதுக்கு மூடினாங்க டீச்சர்?"

இப்போது பேசத் தடையேதும் இல்லை. எனக்குத்தான் வாய் வரவில்லை.