மடிக்காக ஓடிய இரண்டு கார்கள்

மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், மலாக்கா காஜா பேராங்கில் தங்கை மல்லிகாவின் கடைக்குட்டிக்குக் காதுகுத்து. நல்லையாவுக்கு ஒரே ஆசைதான்: பிள்ளை தன் மடியில் உட்கார வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவருக்கும் பாக்கியலட்சுமிக்கும் பிள்ளை இல்லை. தாய்மாமன் என்ற உரிமையிலாவது ஒரு பிள்ளை மடியேறட்டுமே என்று ஏங்கிக் கிடந்தார் மனுஷன்.

அண்ணன் கலியாணசுந்தரம் விட்டால்தானே! "தாய்மாமன்னா மூத்தவன்தான்டா. நீ சும்மா நின்னு வேடிக்கை பாரு."

"முதல் ரெண்டு பிள்ளைக்கும் நீதானே உக்காந்தே? ஒனக்கு இருக்கிறது மடியா, கோயில் பலகையா?"

கோயில் வாசலிலேயே சண்டை முற்றியது. கடைசியில் இருவரும் சீர்த்தட்டிலிருந்த தத்தம் பொம்மைக் காரைத் தூக்கினார்கள். சிங்கப்பூரில் வாங்கிய ஜப்பான் சரக்கு. கையிலுள்ள பெட்டியை அழுத்தினால் கம்பியே இல்லாமல் ரேடியோவில் ஓடும். எந்தக் காரின் பேட்டரி அதிக நேரம் தாங்குகிறதோ, அதைக் கொண்டுவந்தவர் மடியில்தான் பிள்ளை. நல்ல புத்திசாலிகள், போங்கள்!

அண்ணன் காருக்கு முன்விளக்கு உண்டு. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு பவிசாகச் சுற்றியது, சீக்கிரமே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. நல்லையாவின் காரோ கிளம்பவே இல்லை. புது வண்டியாயிற்றே என்று சக்கரத்துக்குப் பொட்டு வைத்தவர், பேட்டரிகளையும் விடாமல் இரண்டு முனையிலும் சந்தனம் அப்பியிருந்தார்.

"என் பேட்டரி இன்னும் தீரலை லா. நான்தான் ஜெயிச்சேன்," என்றார் கூச்சமே இல்லாமல்.

"ஓடாத காருக்கு என்னடா பேட்டரி கணக்கு? தொடைச்சிட்டு ஓட்டு!"

துடைத்தார், ஓடியது. அதற்குள் அண்ணன் தன் பேட்டரிகளைக் கழற்றி மதில்மேல் வெயிலில் காய வைத்தார். டார்ச்லைட் பேட்டரிக்கு எல்லார் வீட்டிலும் செய்கிற வைத்தியம்தான். செத்தது பிழைத்து இன்னொரு சுற்று வந்தது. தன் கார் தளர்ந்ததும் நல்லையாவும் காய வைத்தார். ஒன்று காய, ஒன்று ஓட, போட்டிக்கு முடிவே இல்லை. "ராகு காலம் வருது, வாங்க!" என்று மல்லிகா தொண்டை கிழியக் கத்தியது இருவருக்கும் உறைக்கவில்லை.

உள்ளே பிள்ளை வீறிட்டு அழுத பிறகுதான் உறைத்தது. விழுந்தடித்து ஓடினார்கள்.

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை பாக்கியலட்சுமியின் மடியில் இருந்தது. நல்ல காரியம் என்றாலே கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பவள் அவள். மல்லிகாதான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்கிறாள். "மாமனுங்க வரலைன்னா மாமி மடி. அதுக்கென்ன இப்போ?" என்றாள் மல்லிகா.

அண்ணனும் தம்பியும் உன்னால்தான் உன்னால்தான் என்று ஒருவரையொருவர் திட்டி ஓய்ந்தார்கள். பிறகு நல்லையா மனைவியிடம் போய்க் கையை நீட்டினார்.

"குடு பாக்கியம், நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன்."

"அழுகை நிக்கட்டும்," என்று பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள் பாக்கியலட்சுமி.

பிள்ளை எப்போதோ அழுகையை நிறுத்திவிட்டு அவள் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது.