ஜெபக்கனி பழக்கிய கை

மூணாற்றுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலை எஸ்டேட்டில் ஜெபக்கனி செத்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. எடை போடுமுன் யார் சாக்கு இளைத்திருந்தாலும் தன் கொழுந்தில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டவள் அவள்.

"எங்காளுகள உன் சபைக்கு இழுக்கத்தான இதெல்லாம்?" என்று அவள் இருந்தபோது கிழவர் பேச்சிமுத்து ஒருநாள் மூஞ்சிக்கு நேராகவே கேட்டார்.

"இழுத்தாலும் உங்கள இழுக்க மாட்டேன் அண்ணாச்சி. உங்க வாய்க்கு எங்க பாஸ்டர் தாங்க மாட்டாரு" என்று அவள் சிரித்தாள். "ஏசப்பா ஆளப் பாத்தா எம்மேல அன்பு வச்சாரு? நானும் பாக்கல."

கிழவர் நம்பவில்லை.

இன்று அவர் மருமகள் நர்மதா காய்ச்சலோடு கொழுந்து எடுத்திருந்தாள். எடை குறைந்தால் முழுக்கூலி கிடைக்காது. அவளைக் கூட்டிப்போக வந்தவர் அரைச்சாக்கைப் பார்த்து, "இனி அள்ளிப் போட எவ வரப்போறா?" என்று முணுமுணுத்தார்.

வந்தார்கள். வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக அள்ளிப் போட்டார்கள். பாதிப்பேர் சபைப் பக்கமே தலை வைக்காதவர்கள்.

"ஜெபக்கனி அக்கா பழக்கிட்டுப் போன கை, சும்மா இருக்குமா?" என்றாள் அவர்களில் ஒருத்தியான சௌதா.

நர்மதாவின் சாக்கு நிறைந்து மிஞ்சியது. அவளுக்குப் பின்னால், ஜார்க்கண்டிலிருந்து புதிதாக வந்த பெண் பாதிச் சாக்கோடு நின்றாள். நர்மதா ஒரு கைப்பிடி எடுத்துவிட்டு, மாமனார் திட்டுவாரோ என்று திரும்பிப் பார்த்தாள்.

"என்னத்தப் பாக்க? நல்லா அள்ளிப் போடு" என்று பேச்சிமுத்து அந்தப் பெண்ணின் சாக்கு வாயை விரித்துப் பிடித்தார்.