நாக்கு மீனின் மறுபக்கம்

கீர்த்தி என்னோடு பேசி நான்கு நாள், இரண்டு மணி நேரம், பத்து நிமிடம் ஆகியிருந்தது.

நாலாம் வகுப்பில் அவள் அரைமணி நேரம் பேசாமல் இருந்தாலே பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்க்கும். வருகைப் பதிவு எடுக்கும்போது மற்ற பிள்ளைகள் "உள்ளேன் டீச்சர்" என்று நிறுத்திக்கொள்வார்கள். கீர்த்தி நிறுத்தமாட்டாள். "உள்ளேன் டீச்சர், ஆனா பென்சில் இல்ல." "உள்ளேன் டீச்சர், எங்கூட்டு நாய் அஞ்சு குட்டி போட்ச்சு." திங்கட்கிழமை அவள் பெயரைக் கூப்பிட்டேன். கை மட்டும் மேலே போனது. செவ்வாய்க்கிழமையும் கை மட்டும்தான்.

காரணம் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நான் இயற்பியல் படித்தவள். திருவொற்றியூரில் இந்தப் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியையாக வந்து மூன்று மாதம் ஆகிறது. பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து நின்று பார்த்தால் எனக்குக் குரல் எழும்பாது. பிள்ளைகள் நாற்பது பேர் பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை.

போன வாரம் கணக்கில் சமச்சீர் நடத்தினேன். புதன்கிழமை ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி. பாதி வண்ணத்துப்பூச்சி வரைந்து பக்கத்தில் கண்ணாடியை நிறுத்தினால் முழுசாகிவிடும். வியாழக்கிழமை தாளில் மையைக் கொட்டி மடித்து அழுத்தினோம். பாதிப் பேருக்கு நண்டு வந்தது. மீதிப் பேருக்கு வந்ததையும் நண்டு என்றே வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை மடித்து வெட்டுவது.

இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; வண்ணாரப்பேட்டையில் அவருக்குத் தையல் கடை. துணியை இரண்டாக மடித்து ஒரு வெட்டு போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும். எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே நான் பார்த்தது அது. பிள்ளைகளிடமும் அதைத்தான் சொன்னேன்.

"சட்டைக்குப் பாக்கெட்டு ஒரு பக்கம்தானே கீது டீச்சர்?" என்றான் அமான். அவன் அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்.

"அது அப்புறமா தைக்கிறது."

"லாரிக்கு ஸ்டேரிங்கு?"

"அது உள்ளே இருக்கு. நாம வெளியே மட்டும்தான் பார்க்கிறோம்."

"டீச்சர் எல்லாத்துக்கும் ஒரு ரூட்டு வெச்சிருக்காங்கடா" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்.

"ஆனா உயிர் இருக்கிற எல்லாத்துக்கும் வெளியே ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்" என்றேன். அதை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

முதுகு மடிப்பில் வரும்படி தாளில் மீன் வெட்டினோம். இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண். பிரித்து வைத்தால் மேசையில் நிற்கும். கீர்த்தியின் மீன் தட்டையாக, நீளமாக இருந்தது. ஒரு பக்கம் முழுவதும் பழுப்பு. அதில் இரண்டு கண். மறுபக்கம் தாளின் வெள்ளை அப்படியே இருந்தது. கண் இல்லை.

"இன்னொரு கண்ணு எங்கே?"

"இங்கதான் டீச்சர் கீது, ரெண்டும்."

"அப்ப அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் மண்ணுல படுத்துகினு இருக்கும் டீச்சர். அதுக்கு இன்னாத்துக்குக் கண்ணு? இது நாக்கு மீனு."

"ஒரு சைடு அவுட்டு!" என்று அமான் கத்தினான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே சிவப்புப் பென்சிலால் ஒரு கண்ணை அடித்தேன். மறுபக்கத்தில் ஒரு கண் வரைந்தேன். "மீனை நல்லாப் பார்த்து வரையணும்" என்று வேறு சொன்னேன். அவள் அம்மா செல்லம்மா, மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அப்போது மணி பதினொன்று இருபது. கீர்த்தி மீனை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

எங்கள் வீட்டில் மீன் என்றால் வஞ்சிரம். கடையிலேயே துண்டு போட்டு வாங்கிவிடுவோம். வட்டத் துண்டு, நடுவில் முள், இரண்டு பக்கமும் ஒன்றுபோல. மீனின் முகத்தை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை காசிமேடு போனேன். ஒரு கூடையில் நாக்கு மீன் அடுக்கியிருந்தது. ஒன்றை எடுத்தேன். பழுப்புப் பக்கத்தில் மிளகு மாதிரி இரண்டு சின்னக் கண். திருப்பினேன். வெள்ளை. கண் இல்லை. இன்னொன்றை எடுத்துத் திருப்பினேன்.

"இன்னாம்மா, மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றார் விற்கிற அம்மா.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சும்மா திரும்பிவர வெட்கப்பட்டு ஒரு கிலோ வாங்கிவிட்டேன். வீட்டில் அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, யாரோ மிதிச்சிட்டுப் போனாப்ல கீது?" என்றார்.

திங்கட்கிழமை வகுப்பில் முதல் வேலையாகச் சொல்லிவிட நினைத்தேன். வாய் வரவில்லை. பிள்ளைகள் முன்னால் எனக்கு வாய் வராதது அதுதான் முதல் தடவை. அதற்குப் பதிலாக என்னென்னவோ செய்தேன். மணி அடிக்கும் வேலையைக் கீர்த்திக்குக் கொடுத்தேன். எல்லாருக்கும் ஆசையான வேலை அது. அடித்துவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்தாள். கையெழுத்து அழகு என்று நோட்டில் நட்சத்திரம் போட்டேன். விற்காமல் மிஞ்சிய நேற்றைய மீனைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணிக்குப் பெற்றோர் கூட்டம். வகுப்பின் குறுக்கே கயிறு கட்டி, பிள்ளைகள் செய்ததை எல்லாம் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். பெற்றோர் இருபது பேருக்கு மேல் இருக்கும். தலைமை ஆசிரியை ஞானபாக்கியம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார்.

செல்லம்மா மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தார். கீர்த்தியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். இவ உங்ககிட்ட வாய்க்கு வாய் பேசினாளாமே. டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நல்லாப் புடிச்சுக் கேட்டுட்டேன். புச்சா வெட்டி எடுத்தாந்துகீறா. குடுடீ."

கீர்த்தி நீட்டினாள். புது மீன். இரண்டு பக்கமும் பழுப்பு. இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண். மடிப்பின் மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, 'சமச்சீர்க் கோடு' என்று எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகூட இல்லை.

மெதுவாகக் கேட்டேன். "நீங்க நாக்கு மீன் விப்பீங்களா?"

"காலீல கூட வித்தேனே."

"அதுக்குக் கண்ணு?"

செல்லம்மா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒரே சைடுதான் டீச்சர். அத்த வுடுங்க. அது மார்க்கெட்டு மீனு, இது பரிச்ச மீனு. மார்க்கு போடப்போறது நீங்கதான?"

"ரொம்ப நேர்த்தியா வெட்டியிருக்காளே" என்றார் ஞானபாக்கியம். "நடுவுல மாட்டுங்க உஸ்மா, எல்லாருக்கும் தெரியட்டும்."

கிளிப் என் கையில் இருந்தது. கீர்த்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளிப்பைத்தான் பார்த்தாள். இதை மாட்டிவிட்டால் நாளைக்கு அவள் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிடுவாள் என்று தோன்றியது. அதோடு நிறுத்தியும்கொள்வாள்.

புது மீனை மேசைமேல் வைத்தேன். என் பையில் வெள்ளிக்கிழமையிலிருந்து பழைய மீன் இருந்தது. எடுத்தேன். கண்மேல் அடித்த சிவப்புக் கோட்டையும் நான் வரைந்த கண்ணையும் ரப்பரால் அழித்தேன். பாதிதான் போனது. கயிற்றின் நடுவில், பழுப்புப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்படி மாட்டினேன்.

"டேய், அந்த ஒரு சைடு அவுட்டு மீனுடா!" என்றான் அமான்.

எல்லாரும் திரும்பினார்கள். ஞானபாக்கியம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு குரலும் வந்தது, நான் நினைத்ததைவிடச் சத்தமாக.

"இல்ல அமான். நாக்கு மீனுக்கு ரெண்டு கண்ணும் ஒரே பக்கம்தான். கீர்த்தி வரைஞ்சதுதான் சரி. தப்பு பண்ணினது நான்."