வாவி நடுவே புஸ்பம்

பாலம் திறந்த அன்று காலை, மேர்லின் எழுதிய நாவலில் புஸ்பம் வாவி நடுவே நின்றுபோனாள். அச்சான எல்லாப் பிரதிகளிலும் இதே நிலைதான். முதல் நாள் வரை, நிறைமாத வயிற்றோடு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பாதை ஏறி, கிழக்கே எழுவான்கரையில் இறங்கி, ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, ஒழுங்காக வீடு திரும்பிக்கொண்டிருந்தவள். பாதை என்பது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் பெரிய மிதவை. பாலம் வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். வெளியே நின்றது நாவலிலும் நின்றது. மிச்சப் பக்கங்கள் வெறும் வெள்ளைத் தாள்.

வலி கண்ட பெண்ணைத் தண்ணீர் நடுவே விட்டுப் புத்தகத்தை மூட எவருக்கும் மனம் வரவில்லை. களுதாவளைச் சீதேவிப்பிள்ளை, மேர்லின் முத்திரை விற்கும் தபால் கந்தோருக்கே வந்துவிட்டாள்.

“என்ன புள்ள, எழுதினது நீதானே? அவளக் கரை சேக்க மாட்டியா?”

“எழுதிப் பாக்கிறன் மாமி. நிக்குதில்ல.”

பொய்யில்லை. பாலம் கட்டினார்கள், பஸ் வந்தது, புஸ்பம் ஏறினாள் என்று முறையாகத்தான் எழுதினாள். ஆனால் புஸ்பம் நின்றது பழைய காலத்தில், பஸ் ஓடியது புதிய காலத்தில். ஒன்றன்பின் ஒன்றாக வைத்த வசனங்கள் விடிந்ததும் வெளுத்துக் கிடந்தன. வெள்ளம், நோய்க்காலம், பெற்றோல் வரிசை எல்லாம் வந்து போயின. புஸ்பத்துக்கு இடுப்புவலி மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. பாவம் அவள். மேர்லினுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் மேர்லின் ஒழுங்கைக் கைவிட்டாள். நேற்று, இன்று, ஷெல் விழுந்த இரவு, சேலைக்கடை விளம்பரம், புஸ்பம் தனக்குள் ஏசிய ஏச்சு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கலந்து கொட்டினாள். எது முந்தியது எது பிந்தியது என்று அவளுக்கே தெரியாது. அந்தக் கலவையில் பாலமும் பாதையும் ஒரே உயரத்தில் வந்து ஒட்டி நின்றன. புஸ்பம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாலத்தில் காலை எடுத்து வைத்தாள்.

“ஒரு மண்ணும் விளங்கல்ல,” என்றாள் வாசித்து முடித்த சீதேவிப்பிள்ளை. கண்ணைத் துடைத்தாள். “ஆனா, வந்திட்டாள்.”

மறுநாள் ஆஸ்பத்திரி வாட்டில் புஸ்பம் பெண் பிள்ளை பெற்றாள். வாசகர்கள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயச்சரக்குக் கறியோடு வந்து கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். சொந்தக்காரர் மட்டும் நிற்கலாம் என்றாள் தாதி. ஒருவரும் அசையவில்லை. தாதி அலுத்துப்போய், பிள்ளையை யார் முதலில் வாங்குவது என்று கேட்டாள். புஸ்பம் மேர்லினைக் காட்டினாள். மேர்லின் கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கினாள். பிள்ளை நல்ல கனம்.