இங்க்ரிடின் விரல்கள்

நோஸ்கே வீட்டில் இங்க்ரிடின் கவிதைகளை யாரும் படித்ததில்லை. படித்தவர்களும் படித்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. அவளுடைய முதல் தொகுப்போடு தொடங்கிய வழக்கம் அது. பஞ்சத்தில் தீனியில்லாத ஆடுகளைத் துப்பாக்கியால் சுட்டுக் குழியில் தள்ளிவிட்டு அப்பா அழுததை அதில் எழுதியிருந்தாள். விம்மெரா வட்டாரம் முழுக்கப் படித்தது. அப்பா தேவாலயத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். பிறகு மெல்பர்னில் அவளுக்குப் பரிசுகள் வந்தன, பல்கலைக்கழக வேலை வந்தது, மேலும் தொகுப்புகள் வந்தன. வீட்டில் மழையைப் பற்றிப் பேசினார்கள். அப்பா இறந்த பின்னும் மழையைப் பற்றியே பேசினார்கள்.

இப்போது சாவதற்கென்று வீட்டுக்கே வந்திருந்தாள். தம்பி லயல் ஈரத்துணியால் அவள் உதடுகளை நனைத்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே பாதி அறுத்த கோதுமை, வெயிலில் கரைந்து, வானத்தோடு சேர்ந்து மிதந்தது. அறைக்குள் பதரின் பொன்தூசு இறங்குவதா ஏறுவதா என்று தெரியாமல் நின்றது.

காலையில் ஒருமுறை கண் திறந்திருந்தாள். "ஏன்டா, அறுப்பு வண்டி ஓடல?"

"உன்னப் பாத்துக்க வேணாமா?"

"நான் எங்கயும் ஓடிட மாட்டேன். மழை வந்துடும். போடா."

அதற்குப் பின் பேச்சில்லை. மதியம் வலக்கை விரல்கள் மட்டும் போர்வைமேல் தட்டத் தொடங்கின. தட்டின, ஓரிடத்தில் தயங்கின, மறுபடி முதலிலிருந்து தட்டின.

"வலி தாங்கல போல," என்றாள் செவிலி ஜோலீன், ஊசியை எடுத்தபடி. "தூங்க வச்சிடலாம்."

"போட்டுடும்மா," என்றாள் அம்மா எல்வா. "அவ கஷ்டப்படக் கூடாது."

லயல் அக்காவின் முகத்தைப் பார்த்தான். புருவம் சுளிக்கவில்லை. வேலியோரம் நடக்கையில் கம்பியில் இப்படித்தான் தட்டிக் கவிதையின் அடிகளை எண்ணுவாள். டிராக்டர் இருக்கைக்கடியில் ஒளித்து வைத்துப் படித்த தொகுப்புகளுக்கு அவன் விரல்களும் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டிருக்கின்றன. இந்தத் தாளம் எந்தக் கவிதையுடையது என்பதும் தெரிந்துவிட்டது. ஊசி இறங்கினால் அவள் தேடும் வரி அங்கேயே நின்றுவிடும்.

"பொறுங்க ஜோலீன். அது வலியில்ல. எழுதிட்டிருக்கா."

"என்னடா உளர்ற?" என்றாள் அம்மா.

"அப்பா கவிதைம்மா. எங்கயோ திருத்துறா."

அம்மாவின் கை கட்டில் விளிம்பை இறுகப் பற்றியது. "நாம அதப் பேசறதில்ல, லயல்."

"மயக்கத்துல சிலருக்குக் கை இப்படித் துடிக்கும்," என்றாள் ஜோலீன் தணிந்த குரலில். ஊசியின் நுனியில் ஒரு துளி திரண்டிருந்தது.

லயல் அம்மாவை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"குழியின் ஓரம் நின்றார் அப்பா…"

ஒவ்வொரு சொல்லுக்கும் போர்வைமேல் ஒரு விரல் இறங்கியது. ஜோலீன் கையைத் தாழ்த்தினாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் வெளியே போகவில்லை.

அடுத்த வரிக்கு லயல் குரலை இன்னும் சற்று உயர்த்தினான்.